மூன்றடிப் பெட்டிக்கு ஏற்ற பல்லி

கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஊர்வன பற்றிய பாடத்தை மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியிருக்கிறேன். எந்தப் பல்லி எவ்வளவு வளரும், எது பகலில் விழித்திருக்கும், எது இருட்டிய பிறகு இரை தேடும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படியிருந்தும், என் மனைவி அந்தப் படிப்பை நம்பி முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டபோது, தெரிந்தே தவறான பதிலைச் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. அதற்கு மேலும் ஒரு காரியம் செய்தேன். எழுபத்து மூன்று வயதில் இதை எழுதி வைப்பதால் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தும் அவளால் பழையபடி நடக்க முடியவில்லை. முன்னறை ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தேன். என் குறட்டை அவளுக்குத் தொந்தரவு என்று நான் பின்னறைக்குப் போனேன். அவள்தான் போகச் சொன்னாள். நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

அந்த முன்னறையின் டியூப்லைட்டுக்குக் கீழே இரண்டு பல்லிகள் இருந்தன. படுத்தபடியே அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பல்லி சத்தமிட்டால் கட்டில் சட்டத்தில் விரலால் மூன்று தட்டுத் தட்டுவாள். பொங்கலுக்கு முன் நான் வீட்டுக்கு வெள்ளையடித்து, மூலை முடுக்கெல்லாம் பூச்சி மருந்தும் அடிக்கச் சொன்னேன். பல்லிகள் போய்விட்டன.

"ஒண்ணு கூடக் காணமுங்க," என்றாள்.

"நல்லதாப் போச்சு. செவுத்துல எச்சம் போடறது மிச்சம்," என்றேன்.

இதே செய்தியை அவள் தன் மாமன் மகனுக்கும் போனில் சொல்லியிருக்கிறாள். அவர் இரண்டு வாரம் கழித்து ஒரு கண்ணாடிப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் என் மனைவிக்கு முறைமாப்பிள்ளை. முறைக்காரன் ஒருவன் இருக்கும்போது அவனைக் கேட்காமல் பெண்ணை வெளியில் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் அன்று இல்லை. எங்கள் நிச்சயத்தன்று தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அவர் முன்னால் நீட்டினார்கள். அதை அவர் எடுத்துக்கொண்டால் சம்மதம் என்று பொருள். எனக்குக் கல்லூரி வேலை கிடைத்திருந்தது. அவர் பீளமேட்டில் ஒரு பவுண்டரியில், இரும்பை உருக்கி வார்ப்பதற்கான மர மாதிரி, அதாவது பேட்டர்ன், செய்யப் பழகிக்கொண்டிருந்தார். வெற்றிலையை எடுப்பதற்கு முன் தலையை நிமிர்த்திக் கதவோரம் நின்ற அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நான் நாற்பத்து நான்கு ஆண்டுகளாக அந்தப் பார்வையை மறக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பெண்கள் முறைக்காரனையும் மாமா என்பார்கள், கட்டிய கணவனையும் மாமா என்பார்கள். அவள் அவரைச் சின்ன வயதிலிருந்தே மாமா என்று கூப்பிட்டுப் பழகியவள். என்னை 'ஏனுங்க' என்பாள். கல்யாணமான முதல் வருடம், என்னையும் மாமா என்று கூப்பிடச் சொல்லி ஒருநாள் கேட்டேன்.

"அது அவங்களைச் சொல்லிப் பழகிப்போச்சுங்க. உங்களைச் சொன்னா எனக்குச் சிரிப்பு வருது," என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு தீபாவளிக்கோ ஊர்த் திருவிழாவான நோம்பிக்கோ அவர் வரும்போதெல்லாம் எனக்குத் திடீரென்று வெளியில் ஏதாவது வேலை வந்துவிடும். அவர் மனைவி இறந்த பிறகு கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பில் தனியாக இருந்தார். அது எனக்கு இன்னும் உறுத்தலாக இருந்தது.

அவர் கொண்டுவந்த பெட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தேக்குச் சட்டம், மூன்று பக்கம் கண்ணாடி, மேலே கம்பி வலை. ஜன்னல் திண்டின்மேல் வைத்ததும் அங்கேயே பிறந்ததுபோல் உட்கார்ந்தது. எப்போது அளவெடுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. சட்டங்கள் கூடும் இடத்தில் நகத்தை வைத்து ஓட்டிப் பார்த்தேன். நகம் எங்கும் தட்டவில்லை. ஒரு குறையாவது அகப்படாதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"செவுத்துப் பல்லியப் புடிச்சு இதுல அடைக்கறது பாவமுங்க மாமா," என்றாள் அவள்.

"அதையெதுக்கு அடைக்கறே அம்மணி? உக்கடத்துல வெளிநாட்டுப் பல்லி விக்கறாங்களாமா. பொட்டியிலயே பொறந்து பொட்டியிலயே வளர்றது. அதுகளுக்கு வெளிய உட்டாத்தான் பயமாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணனுக்குத் தெரியாததா? அண்ணன் வந்து ஒண்ணைப் பொறுக்கிக் குடுத்தாப் போதுமுங்க."

அவர் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாளும் மரியாதை குறைந்ததில்லை. குறைந்திருந்தால் எனக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

இருவரும் உக்கடத்துக்குப் போனோம். மீனும் கிளியும் விற்கும் கடைகளுக்கு நடுவே இருந்தது அந்தக் கடை. கடைக்கார பாய் மூன்று கண்ணாடித் தொட்டிகளைக் காட்டினார். ஒன்றில் மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி போட்ட சிறுத்தைப் பல்லி, தன் தடித்த வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் தாடி ஓணான். மூன்றாவதில் இளம் நெற்பயிரின் நிறத்தில் ஒரு இகுவானாக் குஞ்சு, குச்சியைக் கட்டிப் பிடித்தபடி எங்களைப் பார்த்தது. பார்த்த உடனே யாருக்கும் பிடித்துப்போகிற அழகு அதற்கு.

மாமன் மகன் தன் சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார்.

"ஏனுங் பாய், இதெல்லாம் முழுசா வளந்தா எத்தனை அங்குலம் வருமுங்க?"

"எதுக்கு, தச்சுப் போடப் போறீங்களா?" என்று பாய் சிரித்தார்.

"பவுண்டரியில இருந்த கையிங்க. இரும்பு ஆறுனாச் சுருங்கும். அதுக்கு உட்டுத்தான் பேட்டர்ன் செய்வோம். உசுரு அப்பிடியில்லீங்கல்ல, வளரும். வளர்றதுக்கு உட்டுப் பாக்கோணும்."

பெட்டியின் அளவைக் கேட்டுக்கொண்டு பாய் ஒளிக்காமல் சொன்னார். சிறுத்தைப் பல்லி ஒரு சாணுக்குச் சற்று மேல். உங்கள் பெட்டி அதற்கு அரண்மனை. தாடி ஓணான் வாலோடு இரண்டடி வரும், நான்கடிப் பெட்டி இருந்தால் நல்லது. இகுவானா? "அஞ்சடிங்க சார். சிலது ஆறடி. பொட்டியெல்லாம் பத்தாது, ரூமு கட்டோணும்." எது வாங்கினாலும் அரசிடம் பதிவு செய்யவேண்டும், அந்தக் காகிதங்களைத் தாமே எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார்.

பாய் சொன்னது அத்தனையும் சரி. நானாக இருந்தாலும் வகுப்பில் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"அப்ப இந்தப் புள்ளிப் பல்லிதானுங்ணா," என்றார் மாமன் மகன். "இன்னொண்ணுங். அம்மணி ராத்திரியெல்லாம் தூங்கறதில்லீங்கல்ல? இது இருட்டுனாத்தான் வெளிய வருமாம். அம்மணிக்கு ஒரு தொணையா இருக்கும்."

அவள் இரவில் தூங்குவதில்லை என்பது எனக்குத் தெரியாது. ஒரு சுவருக்கு அந்தப்புறம்தான் நான் படுத்திருந்தேன். பன்னிரண்டு மைலுக்கு அப்பால் இருப்பவருக்குத் தெரிந்திருந்தது.

"ஆமாமா," என்றேன், எனக்கும் தெரியும் என்பதுபோல.

வீட்டுக்கு வந்து புள்ளிப் பல்லியைப் பற்றி அவர் அவளிடம் சொன்னார். எல்லாவற்றையும் ஆசையாகக் கேட்டவள், அதற்குத் தீனி என்னவென்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"புழுவா? உசுரோடவா? ஐயோ, நான் தொடமாட்டனுங்க மாமா."

"நீ எதுக்குத் தொடறே? செவ்வா, வியாழன், சனி மூணு நாளும் நான் வந்து போட்டர்றேன். பஸ் ஏறுனா ஒரு மணி நேரம். தோப்புல எனக்கென்ன, தேங்கா உளுகறதை எண்ணிட்டுத்தான உக்காந்திருக்கறேன்."

"எத்தனை வருசத்துக்கு வருவீங்க?"

"அது பதினஞ்சு இருவது வருசம் இருக்குமாமா. நான் அது வரைக்கும் இருந்தா வாரேன். இல்லீனா நீயே புழுத் திங்கப் பழகிக்கோ."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

வாரத்தில் மூன்று நாள். என் மனதில் அதைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. நாற்பது ஆண்டுகளாக வருடத்துக்கு மூன்று நாள் வந்த மனிதர் இனி வாரத்துக்கு மூன்று நாள் வருவார். கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்காருவார். அவள் சிரிப்பாள். நான் காபி கலந்து கொண்டுவந்து வைப்பேன்.

"இகுவானாதான் சரி," என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது சுத்த சைவம். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, செம்பருத்திப் பூ போட்டாப் போதும். அம்மணி படுத்த எடத்துல இருந்தே ஊட்டலாம். யாரும் சிரமப்பட்டு வரவேண்டியதில்ல."

"அது அஞ்சடி வளருமுன்னு பாய் சொன்னாருங்கண்ணா," என்றார் அவர், கூச்சத்தோடு.

"யாவாரி சொல்றதைக் கேப்பீங்களா, நான் சொல்றதைக் கேப்பீங்களா? அது காட்டுல இருந்தாத்தான் அஞ்சடி. பொட்டியில போட்டா பொட்டிக்குத் தக்கனதான் வளரும்."

இது சுத்தப் பொய். அடைத்து வைக்கும் கூட்டின் அளவுக்குத் தக்கபடி உயிர்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்று பரீட்சையில் எழுதிய பிள்ளைகளுக்குச் சிவப்பு மையால் அடித்துப் பூஜ்யம் போட்டவன் நான். உடம்பு வளர்ந்துகொண்டேதான் போகும், கூடு மட்டும் போதாமல் ஆகும்.

அவளுக்குக் குழப்பம். "நீங்க படிச்சவங்க. ஆனா மாமா சொல்றதும் நாயமாத்தான் இருக்குது," என்றாள். பிறகு, "பூப் போட்டுப் பாத்தரலாமுங்க," என்றாள்.

எங்கள் பக்கம் எதையும் முடிவு செய்ய முடியாதபோது பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு ஒன்றை எடுப்பது. வருவதுதான் வாக்கு. காடு வாங்குவதற்கும் கேட்பார்கள், பெண் எடுப்பதற்கும் கேட்பார்கள். இடுப்பு அறுவைக்கே அவள் பூக் கேட்ட பிறகுதான் சம்மதித்தாள். டாக்டர் சொன்னதையும் நான் சொன்னதையும் அவள் காதில் வாங்கிக்கொண்டாள், பூ சொன்னதை நம்பினாள்.

வெள்ளை வந்தால் சிறுத்தைப் பல்லி, சிவப்பு வந்தால் இகுவானா என்று பேசிக்கொண்டோம். பொட்டலம் மடிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கொல்லைக்குப் போனேன். நந்தியாவட்டையில் ஒரு பூவும் செவ்வரளியில் ஒரு பூவும் பறித்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு வெள்ளைப் பூவை மதிலுக்கு வெளியே போட்டுவிட்டு இன்னொரு செவ்வரளியைப் பறித்தேன். செய்தித்தாளைக் கிழித்து இரண்டையும் ஒரே மாதிரி மடித்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, நம்பாதவன் செய்தால் அது சாமியை ஏமாற்றியதாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏமாந்தது சாமியில்லை, கட்டிலில் கிடந்தவள் என்பது அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் செய்திருப்பேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பொட்டலங்களைத் தட்டில் வைத்துச் சாமி படத்தின் முன் காட்டி, கட்டிலருகே அவர்தான் தட்டைப் பிடித்தார். அவள் கண்ணை மூடி நெஞ்சில் கைவைத்து வெகுநேரம் வேண்டினாள். ஒரு பல்லிக்காக இவ்வளவு நேரம் வேண்டுவார்களா என்று நினைத்தேன். ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

"உங்க படிப்புதான் செயிச்சுதுங்க," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அவள் முகம் அத்தனை தெளிந்திருந்தது.

அவர் மற்றப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"குடுங்க தம்பி, நான் போட்டுக்கறேன்," என்று கையை நீட்டினேன்.

"இருக்கட்டுமுங்ணா. கால் மிதி படாத எடத்துல போடோணும். தோப்புல தென்னைக்கடியில போட்டர்றேன்."

அன்றைக்கு அவர் பஸ் ஏறிப் போகும்வரை எனக்கு உயிர் உயிராக இல்லை. ஒரு வாரம் போன் மணி அடித்தாலே திடுக்கிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிரித்துப் பார்த்திருக்க மாட்டார் என்று தைரியம் கொண்டேன்.

இகுவானா வந்தது. வெயிலுக்குப் பதிலாக ஒரு விளக்கு, ஏறிப் படுக்க ஒரு மரக்கிளை, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் நானே வைத்தேன். அவள் செம்பருத்தி இதழை நீட்டுவாள், அது பட்டென்று வாயில் வாங்கும். "கண்ணு, இன்னொண்ணு தின்னு," என்பாள். நான் நினைத்ததுபோல் அவர் வருவது நின்றது. வந்து செய்ய அவருக்கு ஒன்றும் இல்லை. போனில் மட்டும் பேசிக்கொண்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன்.

ஆனால் பொழுது சாய்ந்ததும் அது கிளைமேல் நீட்டிப் படுத்துத் தூங்கிவிடும். நானும் பின்னறையில் தூங்கிவிடுவேன். அவள் மட்டும் கண் விழித்துக் கிடந்தாள்.

ஒன்றரை ஆண்டில் அது வாலோடு மூன்றடியைத் தாண்டியது. பெட்டியில் நேராகப் படுக்க முடியவில்லை, வாலை மடித்துக்கொள்ளவேண்டும். வெளியே மரம் தெரிகிற பக்கம் மூக்கைக் கண்ணாடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மூக்கு நுனித் தோல் உரிந்து புண்ணானது. மருந்து தடவப் போன என் மணிக்கட்டில் வாலால் ஒரு அடி கொடுத்தது. இரண்டு நாள் தடித்திருந்தது. எனக்கு வேண்டியதுதான்.

"யாருக்காச்சும் எடம் இருக்கறவங்களுக்குக் குடுத்தரலாம்," என்றேன்.

"சாமி குடுத்த வாக்குங்க. அதை எப்பிடித் தள்றது?" என்றாள். பிறகு சொன்னாள்: "தப்பு என்ர மேலதானுங்க. குளிச்சு முழுகாம, படுத்த எடத்துல கெடந்துட்டு வாக்குக் கேட்டேன். சாமிக்கு ஆகலயாட்ட இருக்குது. அதான் அந்த வாயில்லாச் சீவனுக்கு இப்பிடி."

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஒருபொழுது இருக்க ஆரம்பித்தாள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை மத்தியானம் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறியது. சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனால் வாயில் ஊற்றியபோது அவள் கண் திறந்து கேட்ட முதல் கேள்வி, அதற்குக் கீரை போட்டாயிற்றா என்பது.

மறுநாள் காலை கிணத்துக்கடவுக்கு பஸ் ஏறினேன். பெரிய கூண்டு ஒன்று கட்டித் தரச் சொல்லலாம், மற்றதைச் சொல்லவேண்டியதில்லை என்றுதான் போனேன். அவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். கூண்டு விஷயத்தைக் கேட்டதும் டேப்பை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தார். இரண்டு தென்னைக்கு நடுவே அளந்தபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அந்தப் பொட்டலத்தை நான் அன்னைக்கே பஸ் ஸ்டாப்புல பிரிச்சுப் பாத்துட்டனுங்ணா."

நான் அவர் பக்கத்தில் போனேன்.

"பின்னெ ஏன் சொல்லல?"

"சொன்னா அம்மணி உங்களை என்னன்னு நெனைக்கும்? காலம் போன கடைசியில அதுக்கு உங்களை உட்டா ஆரு?" டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "எனக்குப் புரிஞ்சுதுங். நான் அடிக்கடி வாரது உங்களுக்கு ஆகலன்னு. அதான் வரல."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஒன்றரை ஆண்டு அவர் என் மானத்தைத் தன் சட்டைப் பையில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அந்த நேரத்திலும் எனக்கு நன்றி வரவில்லை. இதிலும் இவர்தான் உயர்ந்து நிற்கிறார் என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. வெட்கம் பஸ்ஸில் திரும்பும்போதுதான் வந்தது.

வீட்டில் அவள் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். பெட்டிக்குத் தக்கபடி வளரும் என்று சொன்னது பொய். இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளிதான் இருந்தது. நீ அவரை மாமா என்பதும், அவர் வாரம் மூன்று நாள் வருவதும் எனக்குப் பொறுக்கவில்லை.

கீரை உருவுகிற கை நிற்கவில்லை.

"வெள்ளைப் பூவை என்ன பண்ணுனீங்க?"

"மதிலுக்கு வெளிய போட்டேன்."

"மிதிபட்டிருக்கும்," என்றாள். பிறகு, "மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்திலிருந்து?"

"அன்னைக்கே."

முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் காபி கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாப்பத்தி நாலு வருசம் உங்க ஊட்டுல உங்களுக்கு ஆக்கிப் போட்டன். கூப்புடற பேரு ஒண்ணுக்காக இத்தனையாங்க? படிச்சவங்களாட்டவா இருக்குது இது?" என்று மட்டும் கேட்டாள்.

பதினோரு நாள் தேவைக்குத் தவிர என்னோடு பேசவில்லை. அந்த நாட்களில் அவர் தோப்பில் இரண்டு தென்னைகளை வளைத்து வலை அடித்து, ஒரு ஆள் நுழைந்து நடக்கிற அளவுக்குக் கூண்டு கட்டி முடித்தார். வனத்துறைக் காகிதத்தையும் அவர் பேருக்கு மாற்றினோம். ஒரு டெம்போவில் வைத்து இகுவானாவைக் கொண்டுபோனார். கூண்டுக்குள் திறந்துவிட்டதும் மரத்தின்மேல் ஏறி உச்சி வெயிலில் போய்ப் படுத்துக்கொண்டதாக அன்று போன் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவள் ஒருபொழுது இருக்கவில்லை. காலையில் மூன்று இட்லி சாப்பிட்டாள்.

பெட்டி ஜன்னலில் காலியாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து உக்காருங்க. ஒண்ணு கேக்கோணும். நேராச் சொல்லோணும்."

உட்கார்ந்தேன்.

"இந்தப் பொட்டிக்கு எந்தப் பல்லி சரியா இருக்கும்?"

"சிறுத்தைப் பல்லி. ஒரு சாணுக்கு மேல வளராது. கண்ணாடியில ஏறாது, முட்டாது. தரையிலயே இருக்கும். ஒளிஞ்சுக்க ரெண்டு ஓடு, அடியில லேசான சூடு, அது போதும். இருட்டுனா வெளிய வரும்."

"இதைத்தான் மாமாவும் சொன்னாங்க."

"ஆமா. அவர் சொன்னதுதான் சரி."

பரீட்சைத் தாள் திருத்துகிறவள்போல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, வாங்கிட்டு வாங்க. இதுக்குப் பூவெல்லாம் கேக்க வேண்டாம். செவ்வாயும் சனியும் மாமா வந்து புழுப் போடட்டும். வியாழக்கிழமை நீங்க போடுங்க. என்ன, கை கூசுமா?"

"கூசாது," என்றேன்.

உண்மையில் கூசியது. இப்போது பழகிவிட்டது. இடுக்கியால் புழுவைப் பிடித்து நீட்டினால் அது தலையைச் சாய்த்து, வால் நுனியை ஆட்டி, குறிபார்த்துக் கவ்வும். செவ்வாயும் சனியும் அவர் வருகிறார். நான் வெளியில் போவதில்லை. மூன்று பேருக்கும் காபி கலந்து, நானும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருகிறேன். அவள் 'மாமா' என்று கூப்பிடும்போது இப்போதும் உள்ளே ஏதோ சுருக்கென்கிறது. இந்த வயதில் அது போகாதுபோல.

சிறுத்தைப் பல்லி வந்த புதிதில் என் கட்டிலை முன்னறைக்கு மாற்றிப் போட்டேன். அவள் விழித்திருக்கும்போது நானும் பக்கத்தில் இருக்கலாம் என்ற எண்ணம். நான்கு நாளில் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"நீங்க கொறட்டை உட்டா அது ஓட்டுக்கடியில இருந்து வெளியவே வரமாட்டேங்குதுங்க. பொழுது விடியற வரைக்கும் உங்களைத்தான் பாத்துட்டுக் கெடக்க வேண்டியிருக்குது."

அதனால் மறுபடியும் பின்னறைதான். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய்க் கேட்கிறேன், பல்லி ராத்திரி என்ன செய்தது என்று. தோல் உரித்துத் தின்றது, ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்து கொட்டாவி விட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். சில நாள் நான் எழுவதற்குள் அவருக்குப் போனில் சொல்லி முடித்திருப்பாள். அன்றைக்கு எனக்குச் சுருக்கமாகத்தான் சொல்வாள்.